மல்டி குஞ்சு வருது, கொஞ்சம் வளந்ததும் காணாம போயிடுது, காரணம் தெரியல, உதவி பண்ணுங்க

மணல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். டாங்கனீக்கா ஏரி நத்தை ஓட்டு சிக்லிட், அதாவது காலி நத்தை ஓட்டுக்குள்ள குடியிருக்குற சின்ன மீன், மல்டிஃபேசியாட்டஸ் (சுருக்கமா மல்டி), ஒரு சின்ன கூட்டம் வெச்சிருக்கேன். தொட்டி ரெண்டடி நீளம் ஒரு அடி அகலம், கிட்டத்தட்ட 55 லிட்டர், கீழ பொடி சிலிக்கா மணல் ரெண்டு இஞ்சுக்கு மேல இருக்கு, மீன விட ஓடு மூணு மடங்கு கிடக்கு. ஹேங் ஆன் ஃபில்டர், ஹீட்டர் 26ல. வேற மீன் எதுவும் இல்ல, கொஞ்சம் ரேம்ஸ்ஹார்ன் நத்தை மட்டும்.

பிரச்சனை என்னன்னா, பெரிய மீனெல்லாம் சூப்பரா இருக்கு, நல்லா சாப்பிடுது, பள்ளம் தோண்டி ஓட்ட பாதி புதைச்சு ஆளாளுக்கு இடம் பிடிச்சு உக்காந்திருக்கு. ஓட்டு வாசல்ல குட்டி குட்டியா குஞ்சு எட்டிப் பாக்குது, பாத்தாலே அவ்ளோ சந்தோஷமா இருக்கும், ஆனா ஒரு சென்டிமீட்டர் கூட தொடாது, அதுக்குள்ள ஒண்ணொண்ணா குறைஞ்சு கடைசில ஒண்ணு கூட மிஞ்சாது. அப்பறம் வேற ஓட்டுல புதுசா வரும், அதுவும் அப்படியே. செத்துக் கிடக்குறத கண்ணால பாத்ததே இல்ல. அப்பா அம்மாவே தின்னுடுதா? குஞ்ச தனியா எடுத்து வளக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமிழிக்காரன்:
ஃபில்டர் ப்ரோ. ஹேங் ஆன் ஃபில்டர் வாய்ல ஸ்பாஞ்ச் மாட்டிருக்கீங்களா? இல்லன்னா குஞ்செல்லாம் உள்ள போயிருக்கும், திறந்து பாருங்க. அப்படியே ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறிடுங்க, குஞ்சு இருக்குற தொட்டிக்கு அதான் நல்லது, ஸ்பாஞ்ச் மேல படியுற நுண்ணுயிர குஞ்சு கொத்தி கொத்தி சாப்பிடும்.

மணல்வீடு:
ஸ்பாஞ்ச் ஆரம்பத்துலயே மாட்டிட்டேன் ப்ரோ, பொடி ஓட்டை ஸ்பாஞ்ச் தான். நீங்க சொன்னதுக்கு உள்ளயும் திறந்து பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல.

கிளிஞ்சல்:
தம்பி, மல்டி தன் குஞ்ச தின்னும்னு முடிவு பண்ணிடாதீங்க. சிக்லிட்லயே குடும்பமா வாழுற மீன்ல இது ஒண்ணு. ஆசிலேட்டஸ்ங்குற இன்னொரு ஓட்டு மீன்னா அடுத்த முட்டை வந்ததும் முன்னாடி வந்த குஞ்ச விரட்டும், சின்ன தொட்டில அது ஓட இடமில்லாம அடி வாங்கும். மல்டி அப்படி இல்ல, மூணு நாலு தடவையா வந்த வேற வேற வயசுக் குஞ்சு ஒரே ஓட்டச் சுத்தி பெருசுங்களோட சேந்தே வளரும். அதனால தனியா எடுக்காதீங்க, அந்தக் கூட்டத்துக்குள்ள இருக்குறது தான் அதுக்கு பாதுகாப்பு.

எனக்கு மூணு விஷயம் தெரியணும். ஒண்ணு, உங்க மீனுக்கு கோடு தலை மேலயும் வருதா, இல்ல செவுளுக்குப் பின்னாடியே நின்னுடுதா? தலை வரைக்கும் வந்தா அது சிமிலிஸ்ங்குற வேற இனம், ரெண்டையும் ஒரே பேர்ல கலந்து குடுக்குற வழக்கம் உண்டு, கலந்து இருந்தா பிரிச்சிடணும், கலப்புக் குஞ்சு யாருக்கும் வேண்டாம். ரெண்டு, குஞ்சுக்கு என்ன தீனி? மூணு, தண்ணி. பி.எச். (அமில, கார அளவு), கே.எச். (தண்ணில இருக்குற கார்பனேட் அளவு), ஜி.எச். (கால்சியம், மெக்னீசியம் அளவு) மூணும் நம்பரா வேணும், "நார்மல்"னு போடாதீங்க.

மணல்வீடு:
அக்கா, கோடு தலைல இல்ல, எல்லாமே ஒரே மாதிரி, மல்டி தான். தீனி, ஃபிளேக்ஸ விரல்ல நல்லா பொடிச்சு போடுறேன், பெருசுங்களுக்கு ஃப்ரோசன் சைக்ளாப்ஸ், உறைய வெச்ச குட்டி நீர்ப்பூச்சி. தண்ணி ஸ்ட்ரிப்ல பாத்தா பி.எச். ஏழரை மாதிரி காட்டுது, கே.எச். கலர் சரியா புரியல. வாரா வாரம் பாதி தண்ணி மாத்துறேன், ஆர்.ஓ. தண்ணி தான். குழாய்ல வர்றது உப்புத் தண்ணி, அது மீனுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. ஃபோட்டோவும் போட்டிருக்கேன் பாருங்க.

குமிழிக்காரன்:
தீனி தான் அப்போ. குஞ்சு ஓட்ட விட்டு ரெண்டு இஞ்ச் கூட நகராது, பொடிச்ச ஃபிளேக்ஸ் மேல மிதக்கும், கீழ வர்றதுக்குள்ள பெருசுங்க முடிச்சிடும். பட்டினில போயிருக்கும். ஆர்ட்டீமியா, அதான் உப்புத் தண்ணில வளர்ற குட்டி இறால் மாதிரி உயிரு, அதோட முட்டைய பொரிச்சுப் போடுங்க.

ஏரிநீர்:
ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். மீன விடுங்க, ஓட்டப் பாருங்க. இடது பக்கம் முன்னாடி கிடக்குற மூணு ஓடும் வெளுத்துப் போய் சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கு, சுருள் நுனில குழி விழுந்திருக்கு. போடும்போது பளபளன்னு தானே இருந்துச்சு?

நத்தை ஓடு கால்சியம் கார்பனேட். தண்ணில கார்பனேட் நிறைஞ்சு பி.எச். எட்டுக்கு மேல நின்னா அது கரையாது. டாங்கனீக்கா ஏரிக்கு அடில நியோதாமா நத்தையோட வெறும் ஓடு பாய் விரிச்ச மாதிரி குவிஞ்சு கிடக்குறதே அதனால தான், நத்தை செத்தும் ஓடு அழியாம அப்படியே இருக்கு, அந்த ஓட்டுக் காட்டுல தான் இந்த மீன் இனமே குடியேறிச்சு. அங்க பி.எச். சுமாரா 8.6லேருந்து 9 வரைக்கும், கே.எச். 16, 18 டிகிரி, கால்சியத்த விட மெக்னீசியம் அதிகம். உங்க தொட்டில ஓடு கரையுதுன்னா தண்ணி ஓட்டையே தின்னுட்டிருக்குன்னு அர்த்தம், பி.எச். ஏழரைல நிக்கவே நிக்காது. ஸ்ட்ரிப் காத்துப் பட்டிருந்தா தப்பா காட்டும். சொட்டு டெஸ்ட் கிட்ல ஒரு தடவ பாருங்க, தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, மாத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு.

மணல்வீடு:
அண்ணா, ஓடு பத்தி நீங்க சொன்னதும் கைல எடுத்து தேச்சேன், மாவு மாதிரி வெள்ளையா ஒட்டுது. கிட் வாங்கி பாத்துட்டேன். மாத்துறதுக்கு முன்னாடி பி.எச். 6.6, கே.எச். 2. மாத்தின பிறகு கே.எச். 1, பி.எச். கொஞ்ச நேரம் ஏறி மறுநாள் திரும்ப இறங்கிடுச்சு. அம்மோனியா 0.5 காட்டுது, நைட்ரைட் இல்ல. இதுல பெரிய மீனு எப்படி இவ்ளோ தெம்பா இருக்கு, முட்டை எல்லாம் வெக்குதே?

ஏரிநீர்:
பண்ணைலயே தலைமுறை தலைமுறையா வளந்த மீன், மெதுவா இறங்குற தண்ணிய பெருசுங்க தாங்கிக்கும். குஞ்சு தாங்காது. செவுளு இப்ப தான் வளந்துட்டிருக்கு, உடம்புல உப்ப சமநிலைல வெக்குற சக்தி கம்மி, வாரத்துக்கு ஒரு தடவ பாதி தண்ணி வெறும் ஆர்.ஓ.வா வந்து விழுந்தா அதுக்கு பெரிய அடி. நீங்க கவனிச்சுப் பாருங்க, குறையுறது தண்ணி மாத்தின மறுநாள், அதுக்கு அடுத்த நாள்ல தான் இருக்கும். செத்தத நத்தை ராத்திரியே முடிச்சிடும், அதான் உங்க கண்ணுல படல.

இன்னொண்ணு, ஃபில்டர்ல இருக்குற பாக்டீரியா அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்தும்போது கார்பனேட்ட செலவு பண்ணும். ஆர்.ஓ.ல கார்பனேட்டே கிடையாது, சிலிக்கா மணலும் ஒண்ணும் குடுக்காது. கே.எச். காலியானா பி.எச். சரியும், பி.எச். சரிஞ்சா அந்த பாக்டீரியாவே மந்தமாகும், அதான் அம்மோனியா தங்கி நிக்குது. எல்லாம் ஒரே நூல்ல கோத்து வருது.

குமிழிக்காரன்:
அப்போ இப்பவே ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா தொட்டில போட்டா முடிஞ்சுதே.

ஏரிநீர்:
தயவு செஞ்சு போடாதீங்க! அம்மோனியா 0.5 இருக்கும்போது பி.எச். திடீர்னு ஏத்துறது கொலை. 25 டிகிரி தண்ணில பி.எச். 7ல மொத்த அம்மோனியாவுல நூத்துல ஒரு பங்கு கூட விஷமா இருக்காது, 8ல அஞ்சு பங்கு, 9ல மூணுல ஒரு பங்குக்கு மேல விஷமாயிடும். இத்தன நாள் பி.எச். கம்மியா இருந்ததால தான் அந்த அம்மோனியா பெருசுங்கள ஒண்ணும் பண்ணல. முதல்ல தீனிய குறைங்க, அம்மோனியா பூஜ்யம் வரட்டும். அதோட கே.எச்.ச மெதுவா ஏத்தணும், தொட்டில இல்ல, மாத்துற தண்ணில.

கிளிஞ்சல்:
நானும் அதே தான் சொல்ல வந்தேன். தம்பி, அந்த உப்புத் தண்ணிய ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்க. டிஸ்கஸ்க்கும் டெட்ராவுக்கும் ஆகாத கடினத் தண்ணி இந்த மீனுக்கு அமிர்தம். நைட்ரேட்டும் சேத்து பாத்துக்கோங்க.

மணல்வீடு:
பாத்தேன் அக்கா. குழாய்த் தண்ணி ஜி.எச். 15, கே.எச். 11, ஒரு ராத்திரி காத்தடிச்சு வெச்சா பி.எச். 8.2, நைட்ரேட் அஞ்சு கூட இல்ல. இத நேரா ஊத்தலாமா?

கிளிஞ்சல்:
அருமையான தண்ணி! இத விட்டுட்டு ஆர்.ஓ.வுக்கு ஏன் செலவு பண்ணணும். குளோரின் நீக்கி, வெதுவெதுப்பு சமமாக்கி, வாரத்துக்கு ரெண்டு தடவ, ஒவ்வொரு தடவையும் பத்துல ஒரு பங்கு மட்டும் மாத்துங்க. ஊத்துறது மெல்லிசா, ஏர் டியூப்ல ஒழுக விடுங்க, மணல்ல அவங்க தோண்டின பள்ளம் கலையக் கூடாது. அம்மோனியா போன பிறகு அளவ கொஞ்சம் கூட்டிக்கலாம். கே.எச். 8, 10 வந்து நின்னா போதும், ஏரி நம்பர துரத்த வேண்டாம், ஆடாம நிக்குற தண்ணி தான் முக்கியம்.

ஏரிநீர்:
ஆமா. குழாய்த் தண்ணி மென்தண்ணியா (கே.எச்., ஜி.எச். கம்மியா) இருக்குறவங்களுக்கு மட்டும் சோடா கணக்கு சொல்றேன், இத படிக்குற வேற யாருக்காவது உதவும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா கே.எச்.ச ஒரு டிகிரி ஏத்தும். அதே 100 லிட்டருக்கு 4.4 கிராம் எப்சம் உப்பு ஜி.எச்.ச ஒரு டிகிரி ஏத்தும். பக்கெட்ல கரைச்சு, டெஸ்ட் பண்ணி, அப்பறம் தான் தொட்டிக்கு. எப்சம் மெக்னீசியம் மட்டும் தான் குடுக்கும், கால்சியத்துக்கு ஃபில்டர்ல ஒரு பை பவளத்தூள் வெச்சிடுங்க.

கிளிஞ்சல்:
தீனி விஷயத்துல குமிழிக்காரன் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. குஞ்சு நீந்திப் போய் தேடாது, வாசலுக்கு வர்றத தான் பிடிக்கும். லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைச்ச தண்ணில, நல்ல காத்தடிச்சு, 27 டிகிரி கிட்ட வெச்சா ஆர்ட்டீமியா ஒரு நாள், ஒண்ணரை நாள்ல பொரிஞ்சிடும். ஆர்ட்டீமியா முட்டை ஓடு வேற பொரிஞ்சது வேறயா பிரிச்சு, நல்ல தண்ணில அலசி, நீளமான டிராப்பர்ல எடுத்து ஓட்டு வாசல்கிட்ட மெதுவா விடுங்க, பீய்ச்சக் கூடாது. ஃபில்டர பத்து நிமிஷம் நிறுத்துங்க, திரும்ப போட மறக்காதீங்க. மைக்ரோ வார்ம்ங்குற பொடிப் புழுவும் ஓகே, அது மூழ்கி மணல்ல நெளியும், கொத்த வசதி.

அப்பறம் சைஃபன் போடும்போது, அதான் குழாய் வெச்சு அழுக்கு உறிஞ்சும்போது, ஓட்ட தூக்கி குலுக்கி சுத்தம் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. ஒவ்வொரு ஓடும் ஒரு பொண்ணு மீனோட வீடு, உள்ள முட்டை ஒட்டியிருக்கும், வெளிய தெரியாது. அழுக்கு தெரிஞ்சா ஓட்டுக்கு வெளில இருக்குறத மட்டும் எடுங்க, மிச்சத்த அவங்களே வாயால மணலோட அள்ளி வெளில துப்பிடுவாங்க.

மணல்வீடு:
எல்லாரும் சொன்னபடியே பண்ணிட்டு வந்து எழுதுறேன். கே.எச். இப்போ 9ல நிக்குது, பி.எச். 8.1, தண்ணி மாத்தினாலும் அசையல, அம்மோனியா சுத்தமா இல்ல. நடுவுல ஒரு செட் குஞ்சு போயிடுச்சு, ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஆனா அதுக்கு அப்பறம் வந்தது நிக்குது! ஒண்ணரை சென்டிமீட்டர் வந்தாச்சு, உடம்புல கோடு தெரிய ஆரம்பிச்சிடுச்சு, அதுக்கு கீழ இன்னொரு செட் அதே ஓட்டு வாசல்ல நிக்குது. பெரிய குஞ்சுங்க சின்னதா மணல் கூட அள்ளுது அண்ணா, நம்பவே முடியல. வெள்ளையான ஓட்ட மாத்தணுமா? இப்படியே பெருகினா தொட்டி பத்தாதே, அப்போ எப்படி பிடிக்குறது, வலைய காட்டினாலே எல்லாம் ஓட்டுக்குள்ள போயிடுதே.

ஏரிநீர்:
ஓட்ட மாத்த வேண்டாம், இனிமே கரையாது. ஓரம் கூர்மையா உடைஞ்சிருந்தா மட்டும் எடுத்துடுங்க. புது ஓடு சேக்குறதா இருந்தா கொதிக்க வெச்சு, உள்ள பழைய சதை எதுவும் இல்லன்னு பாத்துட்டு, ஒரு ஓரமா போடுங்க, இருக்குற ஓட்ட நகத்தாதீங்க.

கிளிஞ்சல்:
பிடிக்குறது சுலபம் தம்பி, வலை வேண்டாம். குஞ்சு ரெண்டு சென்டிமீட்டர் தாண்டட்டும். வேணுங்குற மீன் உள்ள போன ஓட்ட தண்ணிக்குள்ளயே மெதுவா எடுத்து, தொட்டித் தண்ணி நிறைச்ச பக்கெட்ல, ஒரு குச்சில மாட்டி வாய் கீழ பாக்குற மாதிரி நட்டு வெச்சிடுங்க. ஓடு தரைல படக் கூடாது, காத்துக் குமிழி உள்ள சிக்கக் கூடாது. ஏர் ஸ்டோன் போட்டு, மூடி, இருட்டா விடுங்க. காலைல பாத்தா மீன் கீழ இறங்கி வந்திருக்கும். உடனே ஓட்ட எடுத்துடுங்க, இல்லன்னா திரும்ப உள்ள ஏறிடும். எடுத்த ஓட்ட அதே பள்ளத்துல, வாய் முன்னாடி பாத்த பக்கமே பாக்குற மாதிரி வெச்சிடுங்க. ஒரே நேரத்துல நிறைய எடுக்காதீங்க, முக்கியமா பெரிய ஆண் மீன் மேல கை வெக்காதீங்க, அது போச்சுன்னா மிச்ச ஆணுங்க இடத்துக்கு சண்டை போட்டு கூட்டமே கலைஞ்சிடும்.

மணல்வீடு:
சரி அக்கா, வாயோட திசைய குறிச்சு வெச்சுக்குறேன். முதல்ல ஓரத்து ஓட்டுல இருக்குற ரெண்ட மட்டும் எடுத்துப் பாக்குறேன்.