புரோஜெஸ்டிரோனை நிறுத்தியும் எம்.எம்.பி. பட்டை மாறவில்லை, ஏன்?

கேள்வி:
கருப்பை உட்படலத்தின் ஸ்ட்ரோமா (தாங்கு திசு) செல்களுக்கு 10 நாள் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், 10 நானோமோலார்), எம்.பி.ஏ. (செயற்கைப் புரோஜெஸ்டிரோன் வகை, 1 மைக்ரோமோலார்) கொடுத்து நிறுத்தினால், மாதவிடாய்க்கு முன் நடப்பதைப்போல திசுவைச் சிதைக்கும் எம்.எம்.பி. நொதிகள் கூட வேண்டும் அல்லவா? 48 மணி நேரத்துக்குப் பிறகும் ஜெலட்டின் ஸைமோகிராமில் (ஜெலட்டினைச் செரிக்கும் நொதிகளைப் பட்டையாகக் காட்டும் ஜெல்) 72 கிலோடால்டன் பட்டை அப்படியே இருக்கிறது. ஊடகத்தில் ஃபீனால் ரெட் சாயமும் 10% எஃப்.பி.எஸ்.ஸும் (கன்றுக்கருச் சீரம்) உண்டு.

பதில் 1:
அந்தப் பட்டை எம்.எம்.பி-2இன் முன்வடிவம் (இன்னும் செயல்படத் தொடங்காத நொதி). ஸ்ட்ரோமா செல்கள் அதைச் சுழற்சி முழுக்கச் சுரக்கும், ஹார்மோனுக்கு அதிகம் அசையாது. புரோஜெஸ்டிரோன் அழுத்தி வைப்பது முக்கியமாக எம்.எம்.பி-1, எம்.எம்.பி-3. இவை ஜெலட்டினில் சரியாகத் தெரியாது. எம்.எம்.பி-3க்கு கேசீன் ஜெல், இரண்டுக்கும் எலைசா (புரத அளவு) அல்லது கியூ.பி.சி.ஆர். (ஆர்.என்.ஏ. அளவு) பாருங்கள். 92 கிலோடால்டனில் எம்.எம்.பி-9ஐ எதிர்பார்க்கிறீர்கள் என்றால், திசுவில் அதில் பெரும்பங்கு உள்ளே வரும் வெள்ளணுக்களுடையது. தனி ஸ்ட்ரோமாவில் குறைவாகவே இருக்கும்.

பதில் 2:
சீரத்தை மாற்றாமல் எதையும் நம்ப முடியாது. எஃப்.பி.எஸ்.ஸிலேயே ஜெலட்டினேஸும் ஸ்டீராய்டும் இருக்கின்றன, ஃபீனால் ரெட்டுக்கு லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. ஸ்டீராய்டை நீக்கக் கரியில் வடித்த சீரம் 2%, ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம். மாதிரி எடுக்கும் கடைசி 24 மணி நேரம் சீரமே வேண்டாம்.

அதற்கும் முன்னால், ஊடகத்தில் புரோலாக்டினும் ஐ.ஜி.எஃப்.பி.பி-1உம் ஏறியதா? ஏறவில்லை என்றால் டெசிடுவல் மாற்றமே (செல்கள் கர்ப்பத்துக்குத் தயாராகும் மாற்றம்) நடக்கவில்லை, நிறுத்திப் பயனில்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறின் மாற்றுருவான 8-புரோமோ சி.ஏ.எம்.பி. 0.5 மில்லிமோலார் சேர்த்தால் மாற்றம் விரைவாகவும் உறுதியாகவும் வரும்.

ஸ்டீராய்டு செல்லிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே மூன்று முறை கழுவுங்கள். எம்.பி.ஏ. இருக்கும்போதே, புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் 1 மைக்ரோமோலார் சேர்த்த கிண்ணம் ஒன்றும் வேண்டும். ஆனால் இந்த மருந்து குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியையும் தடுக்கும், எம்.பி.ஏ.வும் அதே ஏற்பியில் அமரும். எனவே இயற்கைப் புரோஜெஸ்டிரோன் கொடுத்த வரிசை ஒன்றைத் தனியாக வையுங்கள். செல்கள் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும், ஊடகத்தை அடிக்கடி மாற்ற வேண்டும்.

பதில் 3:
ஜெல்லைப் பற்றி: மாதிரியைக் கொதிக்க வைக்காதீர்கள், மெர்காப்டோஎத்தனால் கூடாது. 2.5% டிரைட்டானில் 30 நிமிடம் வீதம் இரு முறை அலசி எஸ்.டி.எஸ்.ஸை (புரதத்தை விரிக்கும் சோப்பு) நீக்கி, 5 மில்லிமோலார் கால்சியத்தில் 37 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். இ.டி.டி.ஏ. கலந்தால் துத்தநாகமும் கால்சியமும் போய் நொதி செத்துவிடும்.

எஸ்.டி.எஸ். டிம்ப்பை (எம்.எம்.பி.யைத் தடுக்கும் புரதம்) நொதியிலிருந்து பிரித்துவிடும், முன்வடிவத்தையும் விரித்து ஜெலட்டினைச் செரிக்க வைக்கும். கிண்ணத்தில் அடங்கிக் கிடந்த நொதியும் ஜெல்லில் பட்டையாகத் தெரிவது இதனால்தான். ஒப்பிடும்போது ஊடகத்தின் அளவை அல்ல, செல்களின் டி.என்.ஏ. அளவை வைத்துச் சரிசெய்யுங்கள்.