புதுப்பிப்பு: ஸ்னெய்ன்டன் காற்றாலையைக் கட்டியவர் யார்?

இங்கிலாந்தில் நாட்டிங்காமை அடுத்திருந்த ஸ்னெய்ன்டன் கிராமத்துக் காற்றாலையைக் கணித மேதை ஜார்ஜ் கிரீன் கட்டினார் என்று முன்பு எழுதியிருந்தேன், அது பிழை. 1807-இல் அந்தச் செங்கல் கோபுரத்தை எழுப்பியவர், ரொட்டி சுடும் தொழில் செய்துவந்த, அதே பெயருடைய அவருடைய தந்தையார்.

காற்று வீசும்போதெல்லாம், நள்ளிரவானாலும், அரைகற்களுக்கிடையே தானியம் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அந்த வேலையினூடே, பள்ளியில் ஏறத்தாழ ஓராண்டே படித்திருந்த மகன் தாமாகவே கணிதம் பயின்று, மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய தம் ஆய்வுரையை 1828-இல் வெளியிட்டார் என்பது இன்றும் என்னை நெகிழச் செய்கிறது. அதற்குச் சந்தா செலுத்தியவர்கள் 51 பேர்தாம். தந்தை மறைந்தபின் ஆலைத் தொழிலை விட்டு, 1833-இல், நாற்பதாம் வயதில், கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார்.

1947-இல் தீக்கிரையான ஆலை, சீரமைக்கப்பட்டு 1986-இல் மீண்டும் மாவரைக்கத் தொடங்கியது.