ரிகர்வ்ல இருந்து லாங்போ, 45 பவுண்டு எடுக்கலாமா? அம்பு எல்லாம் இடது பக்கம் போகுது, அவசரம்

மிஸ்ஸான_அம்பு | சனி, மதியம் 1.10

வணக்கம். ரெண்டு வருஷமா ரிகர்வ் (முனை வெளிப்பக்கம் வளைஞ்ச வில்), இப்போ லாங்போவுக்கு (நீளமான நேர் வில்) மாறலாம்னு இருக்கேன். கிளப்ல ஒருத்தர் தன்னோடதைத் தர்றேன்னார், 45 பவுண்டு. நேத்து என் அம்பை வெச்சே இருபது அடிச்சுப் பார்த்தேன். 30 கஜத்துல எல்லாமே இடது பக்கம், கறுப்பு வளையத்தையும் தாண்டிப் போகுது. முன்கையில நாண் பட்டு வீங்கிடுச்சு. வில்லுல கோளாறா, என்கிட்டயா? என் ரிகர்வ் 36 பவுண்டு. திங்கக்கிழமைக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும். ப்ளீஸ்.

சும்மா_வந்தவன் | 1.22

45 பவுண்டு விலையா, டிரா வெயிட்டா, அதாவது இழுக்கிற கனமா? விலைன்னா கண்ணை மூடிட்டு வாங்கிடுங்க.

மூணு_இறகு | 1.31

நண்பா, இதை வெச்சு ஜோசியம்தான் சொல்ல முடியும். வலது கையா, இடது கையா? லிம்ப்ல (வில்லோட வளையிற கையில) எத்தனை அங்குல இழுப்புல 45னு எழுதியிருக்கு? ஆங்கிலேய லாங்போவா, அம்பு வைக்க ஷெல்ஃப் வெட்டின ஃப்ளாட்போவா (தட்டையான லிம்ப் வில்)? அம்பு கார்பனா, மரமா, ஸ்பைன் (அம்போட விறைப்பு) எவ்வளவு, பின்னாடி இறகா பிளாஸ்டிக்கா? உங்க டிரா லெங்த் (இழுக்கிற நீளம்) என்ன? நாண் ஏத்தினப்புறம் பிரேஸ் ஹைட் (கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி) அளந்தீங்களா? எந்த நாட்டுல, எந்தப் பிரிவுல அடிக்கப் போறீங்க?

தோள்பட்டை | 1.40

இதுக்கு இவ்வளவு கேள்வி எதுக்கு? 36ல இருந்து 45க்குத் தாவினா தோள் மேல ஏறும், விடுறப்போ கை இடது பக்கம் இழுக்கும். அவ்வளவுதான். 30 பவுண்டு வாங்கி ஆறு மாசம் அடிங்க, எல்லாம் சரியாயிடும்.

நாணொலி | 2.05

இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன்.

உங்கள் ரிகர்வில் 36 என்று எழுதியிருப்பது 28 அங்குல இழுப்பில். அதைத் தாண்டும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 2 பவுண்டு கூடும். எனவே உங்கள் விரலில் 36தான் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி. இரண்டாவது: மர வில்லில் 28 என்று எழுதியிருந்தால் அது அளவுக் குறிப்பு மட்டுமல்ல, எல்லையும்கூட. அந்த நீளத்துக்கு மேல் இழுக்காதே என்று வில் செய்தவர் சொல்கிறார். ரிகர்வில் ஒரு அங்குலம் கூடுதலாக இழுத்தால் கனம்தான் கூடும். மர வில்லில் வயிற்றுப்பக்க (உங்களைப் பார்க்கும் பக்க) மரம் நசுங்கும்.

அடுத்தவர் வில்லை எத்தனை அங்குலம் இழுத்தீர்கள்?

மிஸ்ஸான_அம்பு | 2.48

சாரி, எல்லாம் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன். வலது கை. கைப்பிடிக்கு மேல "28ல் 45"னு பேனாவால எழுதியிருக்கு. நாண் மாட்டுற காடியில (முனை வெட்டுல) இருந்து காடி வரைக்கும் 72 அங்குலம். முன்பக்கம் வெளிர் மரம், உள்பக்கம் வேற நிறம், ரெண்டு முனையிலயும் கொம்பு. ஷெல்ஃப் கிடையாது, அம்பு கை மேலதான் உட்காருது. பிரேஸ் ஹைட் அளக்கல.

என் ரிகர்வ் 68 அங்குலம், கிளிக்கர் (முழுசா இழுத்ததும் கிளிக்னு சத்தம் போடுற தகடு) 29.5ல. கார்பன், 600 ஸ்பைன், இறகுக்குப் பதிலா சுருள் பிளாஸ்டிக் வேன், எடை முனையோட சேர்த்து 300 கிரெய்ன். இருக்கிறது பர்மிங்ஹாம் பக்கம். கிளப் போட்டியில லாங்போ பிரிவுல நிக்கணும்னு ஆசை.

இழுத்தது வழக்கம்போல தாடைக்குக் கீழதான்.

பனையோலை | 3.30

இப்ப விளங்குது. ஒண்டொண்டாச் சொல்லுறன்.

உங்கட விரலிலை 36 இல்லை, 39 நிக்குது. அந்த லாங்போவை 29.5க்கு இழுத்தால் 45 இல்லை, 48க்குக் கிட்ட. ஒம்பது பவுண்டு வித்தியாசம். தோள்பட்டை சொன்னதிலை அந்தளவுக்கு உண்மை இருக்கு. ஆனா அம்பு இடப்பக்கம் போறது அதாலை இல்லை.

ரிகர்வ் ரைசரை (நடுப்பிடியை) நடுக்கோட்டைத் தாண்டி வெட்டியிருப்பினம். அம்பு நாணுக்கு நேரா நிக்கும், மிச்சத்தைப் பிளஞ்சர் (அம்பைப் பக்கத்திலை தாங்கிற ஸ்பிரிங் ஊசி) பாத்துக்கொள்ளும். இதிலை வெட்டே இல்லை. அம்பு ஒரு அங்குலத்துக்கு மேல அகலமான கைப்பிடியின்ரை பக்கத்திலை சாய்ஞ்சு நிக்குது, முனை இடப்பக்கம் பாக்குது. விட்ட உடனை அம்பு வளைஞ்சு வில்லைச் சுத்திப் போனால்தான் நேராகும். அதுக்கு நல்லா வளையிற அம்பு வேணும். உங்கட 600 கார்பனை மர அம்புக் கணக்குக்கு மாத்தினால் ஏறக்குறைய 50 பவுண்டு ஸ்பைன். நீளம் கூடினதாலை கொஞ்சம் இளகும், எண்டாலும் இந்த வில்லுக்கு விறைப்புத்தான். வலக்கைக்காரருக்கு விறைப்பான அம்பு இடப்பக்கம் போகும். அதோடை பிளாஸ்டிக் வேன் மடங்காது, கைப்பிடியிலை தட்டி இன்னும் தள்ளிவிடும். இறகெண்டால் படிஞ்சு கடந்து போயிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய பிழை, 300 கிரெய்ன் அம்பை 48 பவுண்டிலை விட்டது. பவுண்டுக்கு 6 கிரெய்ன்தான் வருது. மர வில்லுக்கு 9, 10 வேணும். அம்பு அவ்வளவு இலேசெண்டால் மிச்ச விசை முழுக்க வில்லுக்குள்ளையே அடிக்கும், வெறும் நாணை விட்ட மாதிரி. இனி அந்த அம்பை அந்த வில்லிலை வையாதேங்கோ. இங்கை லாங்போ பிரிவிலை கார்பன் ஏலாது, மரத்தண்டும் இறகும்தான்.

முன்கையிலை நாண் பட்டதுக்கும் காரணம் உண்டு. ரிகர்விலை நாண் கைப்பிடியிலை இருந்து 8.5, 9 அங்குலம் தள்ளி நிக்கும். இதிலை 6, 6.5. முஷ்டியைக் கைப்பிடியிலை வைச்சுக் கட்டைவிரலை நிமித்தினால் நுனி நாணைத் தொடவேணும், அதுதான் அளவு. நாண் மணிக்கட்டுக்கு அவ்வளவு கிட்ட வந்து நிக்கிறதாலை முழங்கையைப் பூட்டி நேரா நீட்டினால் கட்டாயம் படும். ஒரு சொட்டு மடக்கி வெளிப்பக்கம் திருப்புங்கோ.

மேப்பிள் | 3.52

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ் ஃப்ளாட்போ (கைப்பிடிகிட்ட உள்பக்கமும் முனைகிட்ட வெளிப்பக்கமும் வளைஞ்சது) ஒண்ணு எடுங்க. கண்ணாடி நார் ஒட்டினது, ஷெல்ஃப் இருக்கும், பிடியும் ரிகர்வ் மாதிரியே. பிரேஸ் 7, 7.5. கை அதிர்ச்சி பாதிதான். நாள் முழுக்க நாண் ஏத்தி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. அதுவும் லாங்போதான்.

நாணொலி | 4.01

அது லாங்போ அல்ல.

மேப்பிள் | 4.03

உலக வில்வித்தை விதிப்படி லாங்போதான். நாண் ரெண்டு முனைக் காடியைத் தவிர வேற எங்கயும் லிம்பைத் தொடக் கூடாது, ஆணுக்கு 160 செ.மீ., பெண்ணுக்கு 150 செ.மீ.க்குக் குறையக் கூடாது. எந்த மரம், எந்தப் பசைன்னு அங்க கேக்குறதில்ல.

நாணொலி | 4.15

அது 3டி (விலங்குப் பொம்மை இலக்கு) களத்தில். கேட்டவர் இருப்பது பர்மிங்ஹாமில். இங்கே கிளப் போட்டி நடப்பது பிரிட்டிஷ் விதியில். அதில் லாங்போ என்றால் மரம் அல்லது மூங்கில் மட்டுமே, தடிமன் எந்த இடத்திலும் அகலத்தில் எட்டில் ஐந்துக்குக் குறையக் கூடாது. கண்ணாடி நாருக்கு இடமில்லை. ஃப்ளாட்போவுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதினால் நேரம் மிச்சமாகும்.

மேப்பிள் | 4.20

அப்போ கேட்டவர் சொன்ன அந்த ரெண்டு நிற ஒட்டு மர வில்லும் அசல் இல்லையே சார். மேரி ரோஸ்ங்கிற ஆங்கிலேயப் போர்க்கப்பல்ல கிடைச்சதெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரே துண்டு யூ மரத்துல செதுக்கினது. 1545ல மூழ்கின கப்பல், 1982ல வெளிய எடுத்தாங்க, முழுசா 137 வில். அதுல எதுலயும் முதுகுல ஹிக்கரி மரம் ஒட்டலையே?

நாணொலி | 4.41

யூ மரமே இயற்கையாக ஒட்டிய மரம்தான். வெளிப்புற வெள்ளை மரம் இழுபடுவதைத் தாங்கும், உள்ளே இருக்கும் செம்மரம் நசுங்குவதைத் தாங்கும். ஹிக்கரியை முதுகிலும் லெமன்வுட்டை வயிற்றிலும் வைத்து ஒட்டுவது அதே வேலையை இரண்டு மரத்தால் செய்வது. மேலும் மேரி ரோஸ் வில்கள் 100 பவுண்டுக்கு மேல் மதிப்பிடப்பட்ட போர் வில்கள். கைப்பிடியும் சேர்ந்து வளையும். இலக்கு அடிக்கும் லாங்போ 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது, கைப்பிடி விறைப்பாக நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோள்பட்டை | 4.50

எதுவா இருந்தாலும் லாங்போல குறி வராது. அதிர்ச்சிதான் வரும்.

நாணொலி | 4.53

1857இல் ஹோரஸ் ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வில்லாளர் இரட்டை யார்க் என்ற போட்டிச் சுற்றில் 1271 புள்ளி எடுத்தார். 288 அம்பு, அதில் பாதி 100 கஜத்தில். லாங்போவில்.

மூணு_இறகு | 5.10

கேட்டவர் திங்கக்கிழமைக்குள்ள முடிவெடுக்கணும், நாம கப்பல்ல இருக்கோம். :)

நண்பா, கிளிக்கர் 29.5ஐ மறந்துடுங்க. அது ரிகர்வ் அளவு. லாங்போல ஆங்கர் (இழுத்த கையை முகத்துல நிறுத்துற இடம்) வாயோரத்துக்கு ஏறும், முழங்கை லேசா மடங்கும், கிளிக்கர் இருக்காது. மூணும் சேர்ந்து ஒண்ணு, ஒண்ணரை அங்குலம் குறையும். ஊகிக்காதீங்க, அளங்க. கிளப்ல இருக்கிற 20, 24 பவுண்டு பயிற்சி வில் எடுத்து, நீளமான அம்பு ஒண்ணுல அங்குலக் கோடு போட்டு, வாயோர ஆங்கர்ல பத்துத் தடவை இழுங்க. விட வேணாம், மெதுவா இறக்கிடுங்க. வில்லோட முன்பக்கத்துக்கு நேரா எந்தக் கோடு நிக்குதுன்னு இன்னொருத்தர் பார்த்து எழுதணும். நீங்களே பார்த்தா தலை திரும்பும், அரை அங்குலம் தப்பும். சராசரி வேணாம், பத்துல பெரிசு எதுவோ அதுதான் உங்க அளவு. வில் அதுக்கு மேல அரை, ஒரு அங்குலம் தாங்குற மாதிரி செஞ்சிருக்கணும்.

பனையோலை | 5.38

அதோடை அந்தப் பழைய வில்லையும் பாக்கவேணும். நாணைக் கழட்டிச் சுவரோடை வையுங்கோ. ஒரு அங்குலம், ஒண்டரை நாண் பக்கம் வளைஞ்சிருந்தால் பழகின வில்லுக்கு அது வழமை. மூண்டெண்டால் களைச்சுப் போச்சு. இலக்கைப் பாக்கிற பக்கம் முதுகு, அதிலை சிலும்பு எழும்பியிருக்கோ பாருங்கோ. உங்களைப் பாக்கிற பக்கம் வயிறு. அதிலைதான் கவனம். வெளிச்சத்தைச் சரிச்சுப் பிடிச்சு நகத்தாலை நீளவாக்கிலை தடவுங்கோ. நீளவாக்குக் கோடு மரத்தின்ரை ரேகை, பயமில்லை. குறுக்கை மயிரிழை மாதிரி ஒரு கோட்டிலை நகம் தடக்கினால் மரம் நசுங்கியிருக்கு. அதை வாங்காதேங்கோ. கொம்பு முனை ஆடுதோ, ஒட்டின கோட்டிலை நகம் இறங்குதோ எண்டும் பாருங்கோ.

நாண் ஏத்தேக்கை ஸ்ட்ரிங்கர் (அதுக்கெண்டே உள்ள கயிறு) பாவியுங்கோ, காலுக்குள்ளை விட்டு வளைச்சால் முறுகும். நாண் டேக்ரான் (கொஞ்சம் இழுபடுற நூல்) தான், உங்கட ரிகர்வ் நாண் நூல் இந்த முனைக்கு வேண்டாம். 35-45 பவுண்டுக்கு பி-50 எண்ட டேக்ரானிலை 12 இழை.

மேப்பிள் | 6.02

அப்போ எத்தனை பவுண்டு வாங்கணும்னு யாரும் சொல்லலையே?

மூணு_இறகு | 6.20

அவர் உண்மையான இழுப்புல 36-38. இப்போ விரல்ல நிக்கிற 39ஐ விடக் கொஞ்சம் கம்மி. ரிகர்வ் கடைசி அங்குலத்துல மிருதுவா வரும், நேர் லிம்ப் கடைசியில கல்லு மாதிரி இறுகும். அதே எண்ணா இருந்தாலும் கூடுதலா தெரியும். 30க்கு இறங்க வேணாம் தோள்பட்டை சார், 39 அடிக்கிறவருக்கு 30ல விரல்ல இருந்து நாண் சுத்தமா கழலாது. வெஸ்டர்ன் சுற்றோட 60 கஜத்துக்கு 38 தாராளம். யார்க் 100 கஜம்னா இலக்கை விட்டுட்டு மர உச்சியைக் குறி வைக்கணும், அது வேற கதை.

அம்பு: 5/16 அங்குல மரத் தண்டு, ஸ்பைன் 30-35, 35-40 ரெண்டுலயும் மூணு மூணு மட்டும் முதல்ல வாங்குங்க. டஜன் வேணாம். நீளம் இழுப்பை விட ஒரு அங்குலம் கூட, இல்லைன்னா முனை கைக்குள்ள வந்துடும். இறகில்லாத தண்டை 20 கஜத்துல விடுங்க. இறகு வெச்சதுக்கு இடது பக்கம் விழுந்தா விறைப்பு, வலது பக்கம்னா தளர்வு. விறைப்புன்னா வெட்டாதீங்க, முனையை 100ல இருந்து 125 கிரெய்னுக்கு மாத்திப் பாருங்க.

கைக்கு ஒரு தோல் உறை கட்டாயம். இறகோட முன் நுனி கூரா இருந்தா ஆள்காட்டி விரல் மூட்டுல பிளேடு மாதிரி கோடு போட்டுட்டுப் போகும். அந்த நுனியை மழிச்சு, ரெண்டு சுத்து நூல் சுத்தி, ஒரு சொட்டுப் பசை.

தோள்பட்டை | 6.31

30தான் சரி. பார்க்கலாம்.

மிஸ்ஸான_அம்பு | ஞாயிறு, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன், பத்துல பெரிசு 28 கால். வில்லையும் பார்த்தேன், கைப்பிடிக்குக் கீழ ஒரு சாண் தள்ளி வயித்துப்பக்கம் குறுக்கே ரெண்டு கோடு, நகம் தடுக்குது. நான் இழுத்ததால வந்ததா?

நாணொலி | 9.40

இருபது அம்பில் வந்திருக்கலாம், முன்பே இருந்திருக்கலாம். இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. 29.5க்கு இழுத்ததை மறைக்காமல் உரியவரிடம் சொல்லி, கோட்டையும் காட்டிவிடுங்கள். இன்றே. தெரியாமல் அவர் நாளை முழுசாக இழுத்தால் முகத்துக்கு நேரே முறியலாம்.

புதிது சொல்லும்போது "28 காலில் 38, 29 வரை தாங்க வேண்டும்" என்று இரண்டு எண்ணும் சொல்லுங்கள்.

மிஸ்ஸான_அம்பு | திங்கள், காலை 8.02

சொல்லிட்டேன். கோபப்படல. புதுசுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், நீங்க சொன்ன ரெண்டு எண்ணும் போட்டு. நன்றி.

பனையோலை | 8.20

நல்லது. வந்தாப் பிறகு முதல் நாளே முழுசா இழுக்காதேங்கோ. ஒவ்வொரு முறை நாண் ஏத்தின உடனையும் கால், அரை, முக்கால் எண்டு பத்துப் பதினைஞ்சு தரம் இழுத்து இறக்கிச் சூடாக்கிப் போட்டு அடியுங்கோ. ஆங்கரிலை வைச்சுக் கனநேரம் பிடிக்கக் கூடாது. அடிச்சு முடிஞ்சால் நாணைக் கழட்டுங்கோ. கார் டிக்கியிலை வெயிலிலை விடாதேங்கோ, பசை விடும்.

சும்மா_வந்தவன் | 8.34

45 பவுண்டு விலையா டிரா வெயிட்டான்னு கேட்டேன். விலை எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.