‘ரன் அவுட்’டுக்குப் பிறகு ‘ஆஃப்’ எதற்கு? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மின்னஞ்சலில் ‘வீ ஹேவ் ரன் அவுட் இங்க்’ என்று எழுதினேன். மூத்த ஊழியர் ஒருவர் நடுவில் ‘ஆஃப்’ (of) சேர்த்துத் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. தீர்ந்துபோனதைத்தான் ‘அவுட்’ சொல்லிவிட்டதே, இன்னொன்று எதற்கு என்று நாள்கணக்கில் மனசு குடைந்தது.

விடை அவர் வாயிலிருந்தே வந்தது. மை இருக்கிறதா என்று யாரோ கேட்டபோது, ‘நோ, வீ ஹேவ் ரன் அவுட்’ என்று முடித்துக்கொண்டார். மை என்ற பெயரை அவர் சொல்லவில்லை, ‘ஆஃப்’பும் வரவில்லை. அன்றைக்குத்தான் பிடிபட்டது. ‘அவுட்’ வினையோடு ஒட்டிக்கொண்ட அட்வெர்ப் பார்ட்டிகிள். நம் ‘தீர்ந்துவிட்டது’ என்பதில் ‘விடு’ ஒட்டியிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஆஃப்’ பின்னால் வரும் பெயருக்கான ப்ரெப்போசிஷன், கிட்டத்தட்ட நம் வேற்றுமை உருபு மாதிரி. நமக்கு உருபு பெயருக்குப் பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால். ‘கீப் அப் வித் ஹிம்’ (அவனோடு ஈடுகொடுத்துப் போ) என்பதில் ‘வித் ஹிம்’ அப்படியே ‘அவனோடு’தான். ஆளைச் சொல்லாவிட்டால் ‘கீப் அப்’ மட்டும் போதும்.

உங்களை இப்படி நிறுத்தி யோசிக்கவைத்த தொடர் எது?

பதில் 1
எனக்கு ‘கெட் அவே வித்’. ஒரு செய்தியை மொழிபெயர்த்தபோது ‘ஹீ காட் அவே வித் இட்’ என்பதை ‘அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்’ என்று எழுதிவிட்டேன். அவர் எதையும் எடுக்கவில்லை. தப்புச் செய்தும் தண்டனை இல்லாமல் தப்பினார் என்பதுதான் பொருள். ‘காட் அவே வித் த மனி’ என்றால் பணத்தோடு ஓடியதாகவே பொருள்படும் என்பதால், இன்றும் ‘வித்’துக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

பதில் 2
நேர்காணலுக்கு முன் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதி அனுப்பியவள் நான். ‘டு’ வந்தால் வினையின் மூல வடிவம்தான் வரும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். இங்கே அந்த ‘டு’ ப்ரெப்போசிஷன், அதனால் ‘மீட்டிங் யூ’ என்றுதான் வரவேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பார்ப்பேன். ‘லுக் ஃபார்வர்ட் டு த ட்ரிப்’ சரியாக நிற்கிறதல்லவா? ஆனால் மேலே சொன்னதுபோல் பெயரை நீக்கிப் பார்க்கும் வழி இதற்கு உதவாது. ‘புட் அப் வித்’துக்கும் அப்படித்தான். வெறும் ‘புட் அப்’ என்றால் பொறுத்துக்கொள்வது என்ற பொருளே போய்விடும்.

பதில் 3
‘வாட் ஆர் யூ அப் டு?’ என்று தோழி கேட்டாள். ‘அப் டு’ என்றால் ‘வரை’ என்றுதான் எனக்குத் தெரியும். எதுவரை முடித்திருக்கிறேன் என்று கேட்கிறாள் என நினைத்துப் பாட எண்ணைச் சொன்னேன். அவள் கேட்டது, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று. ‘இட்ஸ் அப் டு யூ’ என்றால் ‘உன் விருப்பம்’ என்பதையும் அவள்தான் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பதில் 4
காதையும் பழக்குங்கள். ‘கம் அப் வித் அன் ஐடியா’ (ஒரு யோசனையைக் கண்டுபிடித்துச் சொல்) என்று பேசும்போது ‘அப்’ அழுத்தமாக விழும், ‘வித்’ மெலிந்து ஓடிவிடும். எனக்கு எழுத்தில் பிடிபடாத வேறுபாடு இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிபட்டது.