உலாவியை ஏவும் நிரலுக்கு ஒரு சொல்: ‘ஏவல்நிரல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சமூக வலைத்தளங்களில் விருப்பம் இடுவது, பின்தொடர்வது, பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது, பழைய பதிவுகளை நீக்குவது போன்றவற்றைப் பயனர் தம் கையால் செய்யாமல், அவருடைய உலாவியையே ஒரு நிரல் இயக்கிச் செய்து முடிக்கும் முறைக்கு ‘உலாவித் தானியக்கம்’ என்ற சொல்லை அன்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல்லில் இலக்கண வழு இல்லை. இலங்கையில் வழங்கும் ‘தன்னியக்கம்’ என்பதோடும் அது இயல்பாக ஒத்துப்போகிறது. ஆனால் பொருள் அளவில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தானியங்கிக் கதவு, ஆள் வருவதை உணர்ந்து தானே திறக்கிறது. உலாவி அப்படித் தானாக எதையும் செய்வதில்லை. ‘இந்தப் பொத்தானைச் சொடுக்கு, இரண்டு நொடி பொறு, அடுத்த பதிவுக்குப் போ’ என்று ஒருவர் எழுதிவைத்த வரிகளை அது நிறைவேற்றுகிறது. மேலும், தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தானியங்கி’ என்ற சொல் ஏற்கெனவே வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டது. அங்கே, பக்கங்களில் திருத்தம் செய்யும் நிரலான தானியங்கி தனிக் கணக்கில் இயங்குகிறது. அது தானியங்கி என்ற அடையாளமும் அந்தக் கணக்குக்கு உண்டு. நாம் பேசும் நிரலோ பயனர் புகுபதிகை செய்திருக்கும் அதே அமர்வில், அவருடைய பெயரிலும் படத்திலும் செயல்படுகிறது. வாழ்த்தைப் பெறுபவர் அதை நண்பரே எழுதியதாக நம்புகிறார். இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல்லை நாம் ஏற்கலாகாது.

எனவே ‘ஏவல்நிரல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பள்ளியில் மூன்றாம் வேற்றுமையைப் படித்தபோது கருத்தாப் பொருள் இருவகைப்படும் என்று கற்றோம். ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்றால் கரிகாலன் ஏவுதற்கருத்தா. ‘சிற்பியால் சிலை செதுக்கப்பட்டது’ என்றால் சிற்பி இயற்றுதற்கருத்தா. கரிகாலன் கல்லைச் சுமக்கவில்லை, ஆயினும் அணை அவன் பெயரில் நிற்கிறது. உலாவி நிரலின் நிலையும் இதுவே: சொடுக்குவது நிரல், சொடுக்கவைப்பவர் பயனர். இந்த உறவைச் சொல்வதற்கு நம் இலக்கணத்திலேயே ஆயத்தமாக ஒரு வேர் இருக்கும்போது, செய்பவரையே காட்டாத ‘தானியக்கம்’ எதற்கு? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். ‘தானியக்கம்’ என்று சொன்னால் எய்தவனே இல்லாமற்போகிறான். நிரலின் ஒவ்வொரு வரியும் ‘சொடுக்கு’, ‘எழுது’, ‘பொறு’ என ஏவல் வினையாகவே அமைவதும் இச்சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது.

ஏவல், பில்லி, சூனியம் என்ற தொடர் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கக்கூடும். அத்தயக்கத்தை நான் மதிக்கிறேன். எனினும் ‘ஏவுகணை’ என்று நாள்தோறும் செய்தியில் படிக்கிறோம். அங்கே யாருக்கும் மாந்திரிகம் நினைவுக்கு வருவதில்லை. இச்சொல்லில் பழிப்பும் இல்லை. தம் பழைய கருத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சலித்தவர் எழுதும் நிரலும், விருப்ப எண்ணிக்கையைப் பொய்யாகப் பெருக்குபவர் எழுதும் நிரலும் ஏவல்நிரல்களே. நன்மையும் தீமையும் ஏவியவரைச் சாரும்.

இதன் உள்வகை இரண்டையும் வேறுபடுத்தியாக வேண்டும். 2005-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு வெளிவந்த கிரீஸ்மங்கி போன்ற நீட்சிகள், பயனர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலை வலைப்பக்கத்துக்குள்ளேயே ஓடச்செய்பவை. 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் தம் நிறுவனத்தின் வலைச்செயலியைச் சோதிப்பதற்காகத் தொடங்கிய செலினியம் என்ற கருவி, அதன் பின் 2017-இல் வந்த பப்பெட்டியர், 2020-இல் வந்த பிளேரைட் ஆகியவை இன்று உலாவியை வெளியிலிருந்து ஓட்டுபவை. வேறுபாடு பெயரளவினது அன்று. பக்கத்துக்குள் இருக்கும் நிரல் ஒரு பொத்தானைச் சொடுக்கினால், அந்நிகழ்வின் ‘இஸ்ட்ரஸ்டட்’ (isTrusted) என்ற பண்பு பொய் என்றே பதிவாகும். அதைக் கொண்டு, அது மனிதக் கையின் சொடுக்கு அன்று என்று வலைத்தளம் கண்டுகொள்ளலாம். வெளியிலிருந்து ஓட்டும்போது சொடுக்கு உலாவியின் உள்ளீட்டு வழியாகவே வருவதால் அப்பண்பு மெய் என்று பதிவாகிறது. ஆனால் அப்படி ஓட்டப்படும் உலாவி தன் நிலையை ‘நேவிகேட்டர்.வெப்டிரைவர்’ (navigator.webdriver) என்ற பண்பின் மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று, வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2018-இல் பரிந்துரையாக ஏற்ற வெப்டிரைவர் தரம் வகுத்தது. ஆகவே முன்னதை ‘அக ஏவல்நிரல்’ என்றும் பின்னதைப் ‘புற ஏவல்நிரல்’ என்றும் வழங்கலாம். அகம், புறம் என்ற பகுப்பைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

கிளைச்சொற்களும் எளிதில் கிடைக்கின்றன: நிரல் இடும் விருப்பம் ‘ஏவல் விருப்பம்’, நிரல் எழுதும் வாழ்த்து ‘ஏவல் வாழ்த்து’. திரையில் தோன்றாமல் ஓடும் உலாவியைச் சிலர் ‘தலையற்ற உலாவி’ என்று எழுதுகிறார்கள். ‘திரையிலா உலாவி’ என்பதே பொருள் விளங்கும் வடிவம்.

‘ஸ்கிரிப்ட்’ என்பதற்கு வழங்கும் ‘குறுநிரல்’ என்ற சொல்லையே இங்கும் பயன்படுத்தலாம் என்ற கருத்தும் வந்திருந்தது. அது நிரலின் அளவைச் சொல்கிறதேயன்றி, அது யாருக்காக, யார் பெயரில் இயங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. பல நூறு வரிகள் கொண்ட ஏவல்நிரலைக் குறுநிரல் என்பதும் பொருந்தாது.

புணர்ச்சி குறித்து எனக்கு ஓர் ஐயம் உண்டு. ‘ஏவல்நிரல்’ என்பதை விதிப்படி ‘ஏவனிரல்’ என்று எழுதினால் வேர் மறைந்துவிடுகிறது. கலைச்சொல்லில் தெளிவுக்காக இயல்பாகவே விடலாம் என்பது என் நிலைப்பாடு. இலக்கணம் அறிந்த அன்பர்களும் தமிழாக்கப் பணியில் உள்ளவர்களும் இதுபற்றித் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.