பக்கவாட்டில் வரும் ஒளி நேர் மேலே வர மாட்டேன் என்கிறது

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்ட். கண்ணாடி மேல் காலியம் ஆர்சனைடு நானோ தூண்கள், தூணுக்குத் தூண் 900 நானோமீட்டர். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு லேசரைச் செங்குத்தாக விட்டால், இருமடங்கு அதிர்வெண்ணில், அதாவது பாதி அலைநீளமான 775-ல், கண்ணுக்கு எட்டியும் எட்டாத சிவப்பு வரவேண்டும். வருகிறது, எல்லாம் பக்கவாட்டில்தான். நேர் மேலே சுத்தமாகப் பூச்சியம்.

படிகத்தை வெட்டிய தளம் (100) என்பதால் படிகச் சமச்சீர் தடுக்கிறது, சரி. (111) என்ற வேறு தளத்துக்கு மாற்ற, டென்சரை, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு இருமடங்கு ஒளி பிறக்கும் என்று சொல்லும் எண் அட்டவணையை, சுழற்றினால் ஒவ்வொரு முறையும் ஒரு விடை. சுழற்சி அணிகளை எந்த வரிசையில் பெருக்குவது? அப்புறம், 870-க்குக் கீழே இந்தப் பொருள் ஒளியை விழுங்குமே, அலுமினியம் கலந்ததற்கே மாறிவிடலாமா?

லேப்டாப்பில் ஒரு கணக்கு ஓட ஆறு மணி நேரம், நடுவில் கரண்டு வேறு போய்விடுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கம் என்றால் நேரிலேயே வருகிறேன், டீ என் செலவு.