மறு: பிரெஞ்சு ‘இன்ஃபினிட்டிவ்’ – ‘செயவெனெச்சம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். யார் செய்வது என்று காட்டாத பிரெஞ்சு வினை வடிவமான ‘இன்ஃபினிட்டிவ்’க்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘பேச’, ‘ஓட’ போன்ற வடிவத்தின் பெயரான ‘செயவெனெச்சம்’ போதும் என்றும் வேறு விதமாகவும் குழுவில் வந்த கருத்துகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> பேச, ஓட, எழுத. இதைத்தானே இன்ஃபினிட்டிவ் என்கிறார்கள்? நன்னூல் ‘செய’ என்று வாய்பாடே தந்திருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, தமிழ் இலக்கணத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் நாம் சொல் தேடுவது தமிழர்களுக்கான பிரெஞ்சுப் பாடக் குறிப்புக்கு. அங்கே ‘செயவெனெச்சம்’ சீக்கிரமே இடறும்.

பேசுவதைக் குறிக்கும் ‘பார்லே’யை எடுத்துக்கொள்வோம். ‘ஜ வ பார்லே’ என்றால் ‘பேச விரும்புகிறேன்’. செய பொருந்துகிறது. ‘பூர் பார்லே’, பேசுவதற்காக. அதையும் ‘பேச’ என்று சமாளிக்கலாம். ஆனால் ‘சான் பார்லே’ என்றால் ‘பேசாமல்’. ‘அவான் த பார்லே’ என்றால் ‘பேசுவதற்கு முன்’. அதே சொல் எழுவாயாக நின்றால் ‘பேசுதல்’ அல்லது ‘பேசுவது’. வடிவம் மாறவே இல்லை, நாம்தான் எச்சத்துக்கும் தொழிற்பெயருக்கும் மாறி மாறி ஓடுகிறோம். மறுபக்கமும் இடிக்கிறது: ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதைப் பிரெஞ்சில் சொல்ல இந்த வடிவம் உதவாது.

உங்கள் கட்சிக்கு வலுவான சான்று ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுச் சமையல் குறிப்பில் ‘அஜூத்தே ல செல்’ என்று இதே வடிவத்தில் எழுதுவார்கள். நாம் ‘உப்பு சேர்க்கவும்’ என்போம். ‘சேர்க்க’ என்ற செய வடிவத்தோடு ‘உம்’ சேர்ந்ததுதான் அது. இரண்டு மொழியும் ஆளைச் சுட்டாமல் ஏவ ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. இருந்தாலும் ஒரு பொருத்தத்துக்காக மற்றதையெல்லாம் விழுங்க முடியாது.

> அப்படியானால் ‘வினையடி’ என்றே சொல்லிவிடலாமே?

இதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. ‘பார்லே’யின் அடி ‘பார்ல்’ மட்டும். எழுத்தில் ஈற்றிலுள்ள ‘எர்’ஐ நீக்கிவிட்டு அந்த அடியில்தான் நிகழ்கால ஈறுகள் ஆறும் ஒட்டும். ஆறு என்பது இடக் கணக்கு; எழுத்தில் வேறுபடுவது ஐந்து. காதில் விழுவது மூன்றுதான்: நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் ‘பார்ல்’; நாம் என்றால் ‘பார்லோன்’; நீங்கள் என்றால் ‘பார்லே’. முழு வடிவத்தையே அடி என்று சொல்லிக் கொடுத்தால் மாணவர் ‘எர்’ மேலேயே ஈற்றை ஏற்றிவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், எதிர்காலத்தில் அப்படி ஏற்றுவதுதான் சரி! ‘ஃபினீர்’ (முடித்தல்) அப்படியே நிற்க, அதன்மேல் ‘ஏ’ சேர்ந்து ‘ஃபினீரே’, ‘முடிப்பேன்’ என்றாகிறது. ‘வாந்த்ர்’ (விற்றல்) என்றால் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஏற்றுவார்கள். பேச்சு லத்தீனில் இந்த வடிவத்தோடு ‘உடைமை’ வினை சேர்ந்து வழங்கியதன் எச்சம் இது. ஆக நிகழ்காலத்துக்கு ஓர் அடி, எதிர்காலத்துக்கு முழு வடிவமே அடி. இரண்டையும் ‘வினையடி’ என்றால் பாடம் அங்கேயே படுத்துவிடும்.

‘முடிவிலி’ என்ற யோசனையும் வந்தது. கணிதக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘பொதுவினை’ அழகான சொல், ஆனால் தன்வினை, பிறவினை வரிசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ‘அகராதி வடிவம்’ வகுப்பறைக்கு எளிது. ஆனால் எந்த அகராதி? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ‘பேசு-தல்’ என்று போடும். க்ரியா ‘பேசு’ என்று போடும். 1862இல் வந்த வின்சுலோ அகராதி தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிகழ்கால, இறந்தகால, எதிர்கால ஈறுகளைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் செய வடிவத்தையும் வைக்கும். நம் வீட்டிலேயே ஒரு வழக்கம் கிடையாது.

என் பரிந்துரை: வரையா வினை.

‘வரை’ என்றால் எல்லை கட்டுதல். இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை), எண் என்ற எல்லைக்குள் அடங்காத வினை, வரையா வினை. லத்தீன் மூலச்சொல்லும் ‘எல்லைப்படாதது’ என்றே சொல்கிறது. மேலே வந்த ‘ஃபினீர்’கூட அதே வேரில் கிளைத்ததுதான்.

> வரைவு என்றால் திருமணம். கல்யாணமாகாத வினையா?

சிரித்துவிட்டேன். அகத்திணை படித்தவர்களிடம் இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் ‘வரையாது கொடுத்தல்’ (அளவில்லாமல் கொடுத்தல்) என்ற வழக்கும் இருக்கிறதே. யோசித்தால் உங்கள் கேலியும் பொருந்துகிறது: எழுவாயோடு இன்னும் இணையாத வினை!

இன்னோர் ஆட்சேபம் நியாயமானது. பார்டிசிபிள் (‘பேசிய’ போன்றது), ஜெரண்ட் (‘பேசிக்கொண்டே’ போன்றது) வடிவங்களும் இடம் காட்டுவதில்லையே? பிரெஞ்சு இலக்கணக்காரர்கள் மூன்றையும் ஒரே வகுப்பில் வைக்கிறார்கள். அந்த வகுப்புக்கு ‘இடஞ்சாரா வினைகள்’ என்று பெயர் வைத்து, அதற்குள் இன்ஃபினிட்டிவை மட்டும் வரையா வினை என்போம்.

மற்றவை சுலபம். இடம், காலத்துக்கேற்ப வினை மாறும் கான்ஜுகேஷனுக்கு வினைத்திரிபு, ரெகுலர் வெர்புக்கு ஒழுங்கு வினை. ‘எர்’ ஈற்று வினைகளில் முக்கியமாக ‘அலே’ (போதல்) ஒழுங்குக்கு வராது என்று அடிக்குறிப்பு போடலாம்.

அப்புறம், குறிப்பில் பிரெஞ்சு எழுத்து கட்டாயம் வேண்டும். இந்த மடலிலேயே பாருங்கள், வரையா வினையும் ‘நீங்கள் பேசுகிறீர்கள்’ என்பதும் இரண்டும் ‘பார்லே’தான். பேசிய என்ற இறந்தகால வடிவமும் அதே ஒலி. பிரெஞ்சுப் பிள்ளைகளே இதை மாற்றி எழுதுவார்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘வாந்த்ர்’ஐ வைத்துப் பார்க்கச் சொல்வது அங்கே பள்ளி வழக்கம். ‘வாந்த்ர்’ பொருந்தினால் வரையா வினை, ‘வாந்த்யூ’ (விற்ற) பொருந்தினால் இறந்தகால வடிவம்.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.